மேலே சொல்லிவிட்டார்கள்

"இந்தப் பரீட்சைய எழுதி எனக்கு என்ன ஆகப்போகுது, மேடம்?"

கதிர்காமன் கேட்டார்.

கோத்தகிரியில் ஒரு பேக்கரியின் மாடியறை அது. ஹெப்சிபா அங்கே எச்.ஆர். தகுதிச் சான்றுக்கு வகுப்பு எடுத்துவந்தார். மாணவரைவிட ஆசிரியைக்கு வயது குறைவு.

கதிர்காமன் தேயிலை ஃபேக்டரியில் பணியாளர் பிரிவு உதவியாளர். வெகுகாலமாக உதவியாளர். பின்னால் வந்தவர்கள் அந்தச் சான்றிதழைக் காட்டி அவரைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

"சம்பளம் கூடும்," என்றார் ஹெப்சிபா.

"சரி."

"மேனேஜர் ஆகலாம். இந்த வேலை இல்லேன்னா இன்னொரு வேலை கிடைக்கும்."

"சரி. வேற?"

ஜன்னல் வழியாக மேகம் உள்ளே வந்தது. முதலில் மேசை மறைந்தது. பிறகு ஹெப்சிபா மறைந்தார். கீழேயிருந்து ரொட்டி வேகும் வாசனை மட்டும் இருந்தது.



மேகம் விலகியபோது அவர் கரும்பலகையில் அடுத்த பாடத்தை எழுதிக்கொண்டிருந்தார்.

கதிர்காமன் படித்தார். பஸ்ஸில் படித்தார், அடுப்பு முன்னால் குளிர்காய்ந்துகொண்டு படித்தார். கனவில் சட்டப் பிரிவுகள் தேயிலைச் செடிகளாகச் சரிவெங்கும் நின்றன. அவர் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவை தலையாட்டின.

தேறினார். சம்பளம் கூடியது. மேனேஜரும் ஆனார். அறைக் கதவில் பெயர்ப்பலகை வந்தது. மனைவி ஒருநாள் வந்து அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனாள்.

பிறகு ஒரு முற்பகல். ஊரே மேகத்துக்குள் இருந்தது. மாடியறையில் ஹெப்சிபா தனியாகப் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

தூக்கத்தில் நடப்பவர்போல் கதிர்காமன் உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"எப்படி வந்தேன்னே தெரியல, மேடம். ரோடு தெரியல. காலு கூட்டிட்டு வந்துருச்சு."

"தலையெல்லாம் நனைஞ்சிருக்கே. துடைங்க."

அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

"புது மெஷின் வருது. தேயிலைத் தூள்ல குச்சி பொறுக்குற பொம்பளைங்க இனி வேண்டாமாம்."

"நிறுத்தப் போறாங்களா?"

"நிறுத்த மாட்டாங்க. தூரத்து எஸ்டேட்டுக்கு மாத்துவாங்க. புள்ளைகுட்டிய விட்டுட்டுப் போக முடியாம அவங்களே நின்னுருவாங்க. வம்பு வராம இதை எப்படிப் பண்றதுன்னு இன்னிக்குக் கூட்டத்துல கேக்குறாங்க."

"யாரைக் கேக்குறாங்க?"

"என்னைத்தான்."

ஹெப்சிபா துடைப்பதை நிறுத்தினார்.

"முன்னாடி இப்படி வந்தா என்ன செய்வீங்க?"

"முன்னாடி எங்கே கேட்டாங்க? முடிவு பண்ணிட்டுச் சொல்லியனுப்புவாங்க. நான் போய்ச் சொல்வேன். அதுங்க அழும். 'நான் என்னம்மா பண்ணட்டும், மேல சொல்லிட்டாங்க'ம்பேன். வீட்டுக்கு வந்து நல்லாத் தூங்குவேன்."

"இப்பவும் அதையே சொல்லலாமே."

கதிர்காமன் தன் கைகளைப் பார்த்தார்.

"எப்படி மேடம் சொல்ல? மேல நான்ல உட்கார்ந்திருக்கேன்."

ஜன்னல் கண்ணாடியில் ஈரம் கோடு கோடாக இறங்கியது.

"வேற வழி இருக்கா?" என்றார் ஹெப்சிபா.

"இருக்கு. அவங்களையே மெஷினுக்குப் பழக்கலாம். பழகுற வரைக்கும் பேக்கிங்ல வச்சுக்கலாம். மாத்தி அனுப்பினா கோர்ட்டுல என்ன ஆகும்னும் தெரியும். நீங்க நடத்தினதுதானே."

"அதைச் சொன்னீங்களா?"

"வாய் வரல. கொஞ்சம் யோசிச்சுச் சொல்றேன்னுட்டு வெளிய வந்தேன்."

"சொன்னா என்ன ஆகும்?"

"கேட்டாலும் கேப்பாங்க. கேக்கலேன்னா என் வேலை போகும்."

"போனா?"

"போனா என்ன, வேற இடத்துல..."

கதிர்காமன் நிறுத்தினார். யாரோ பக்கத்தில் பேசியதைக் கேட்டவர்போல் நிமிர்ந்தார்.

"கூட்டம் முடிஞ்சிருச்சா?" என்றார் ஹெப்சிபா.

"இல்ல மேடம். டீ குடிச்சிட்டிருக்காங்க. நான் போனாத்தான் மறுபடி ஆரம்பிப்பாங்க."

ஹெப்சிபா போய்க் கதவைத் திறந்தார்.

"அப்ப இங்க என்ன சார் பண்றீங்க?"

வெளியே ஒரே வெள்ளை. கொஞ்ச நேரத்தில், அந்த வெள்ளைக்குள் யாரோ சரிவில் ஓடும் சத்தம் கேட்டது.