ஜெயிக்கிற பானைக்கு மட்டும் சம்பளம்

வெண்ணாற்றுச் சீமையை அபிராம பூபதி ஆண்டுகொண்டிருந்தார். நல்ல ராஜாதான். ஒரே ஒரு குறை. கடைசியாக யார் பேசுகிறார்களோ, அவர்கள் சொல்வதுதான் அவருக்குச் சரி என்று படும்.

மழைக்காலம் வந்தால் அந்தச் சீமையில் நடுக்குக் காய்ச்சலும் வந்துவிடும். குயவர் தெருவிலும் செக்கடித் தெருவிலும் நுழைந்தால் உயிர்ச் சேதம் இல்லாமல் போகாது. அதற்கு மருந்து கண்டுபிடிக்க ராஜா ஆற்றங்கரையில் ஓர் ஆராய்ச்சிச் சாலை கட்டினார். பெருந்தேவி என்ற வைத்தியரை அதற்குத் தலைவியாக வைத்தார். அவருக்குக் கீழே ஒரு கூட்டம் இளம் வைத்தியர்கள். மூலிகையைக் காய்ச்சுவார்கள், ஆட்டுக்குக் கொடுத்துப் பார்ப்பார்கள், "இதுவும் இல்லை" என்று கொட்டுவார்கள். மறுபடி காய்ச்சுவார்கள்.

பொக்கிஷ மந்திரி அகோரமூர்த்திக்கு அந்தக் கொட்டுகிற சத்தத்தைக் கேட்டாலே வயிறு எரியும்.

"மகாராஜா, கஜானாப் பணம் சாக்கடையில் ஓடுகிறது. ஜெயிக்கிற சோதனைக்கு மட்டும் பணம் கொடுப்போம். தோற்கிற சோதனை எதற்கு?"

அன்று கடைசியாகப் பேசியவர் அவர்தான். "அப்படியே ஆகட்டும்" என்றுவிட்டார் ராஜா.

மந்திரி நேரே சாலைக்குப் போனார். "இதில் எந்தப் பானை ஜெயிக்கும்?"

"தெரியாது ஐயா. தெரிந்தால் சோதனை எதற்கு?" என்றார் பெருந்தேவி.

"தெரியாத விஷயத்துக்கா சம்பளம் வாங்குகிறீர்கள்?"

இளம் வைத்தியர்கள் எல்லோரும் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். மிச்சமான பணத்தில் மந்திரி தன் மைத்துனர்களை மேற்பார்வையாளர்களாக நியமித்தார். தினமும் சாலைக்கு வந்து, "கண்டுபிடித்தாயிற்றா?" என்று கேட்பது அவர்கள் உத்தியோகம்.

ராஜசபையில் வாஞ்சிலிங்கம் என்று ஒரு விகடகவி இருந்தார். பெருந்தேவி அவரிடம் போய்க் கண் கலங்கினார்.

"சிற்றம்பலம் என்று ஒரு கெட்டிக்காரப் பையன் இருந்தானே, அவன் இப்போது அரண்மனைச் சமையலறையில் மிளகு இடிக்கிறான். அங்கே சம்பளம் கூடுதலாம். அவனோடு வேலை பார்த்த குமுதவல்லியைப் பக்கத்து நாட்டு ராஜா பல்லக்கு அனுப்பி அழைத்துக்கொண்டார்."

"நல்லதாயிற்று அம்மா. அவள் அங்கே மருந்து கண்டுபிடிப்பாள். அவர்கள் சொல்கிற விலைக்கு நாம் வாங்கிக்கொள்ளலாம்."

பெருந்தேவிக்குச் சிரிப்பு வரவில்லை. "மழை வரப்போகிறதே, வாஞ்சிலிங்கம்" என்றார்.

வாஞ்சிலிங்கத்தின் முகத்திலும் சிரிப்பு மறைந்தது.

மழை வந்தது. கூடவே காய்ச்சலும் வந்தது. அதற்குத் தெரு பார்க்கத் தெரியவில்லை. மந்திரியின் மாளிகைக்குள்ளும் நுழைந்துவிட்டது. அகோரமூர்த்தி கம்பளியைப் போர்த்திக்கொண்டு, பல் கிடுகிடுக்க, சபைக்கு வந்தார்.

"ம... மகாராஜா! மருந்து! உடனே மருந்து!"

ராஜா பதறிப்போனார். "வாஞ்சிலிங்கம், பெருந்தேவியை அழைத்து வா. சாலையில் இருப்பதை எல்லாம் எடுத்து வா."

பானைகள் சபை நடுவில் வரிசையாக வந்து அமர்ந்தன. ஒன்றில் பச்சைச் சாறு. ஒன்றில் சேறு மாதிரி ஏதோ. ஒன்று தானாகவே நுரைத்துக்கொண்டிருந்தது.

"எதைக் குடிப்பது?" என்றார் மந்திரி.

"ஜெயிக்கிற பானையை" என்றார் வாஞ்சிலிங்கம்.

"எது அது?"

"தங்களுக்குத் தெரியாமலா அப்படி ஒரு சட்டம் போடச் சொன்னீர்கள்? சும்மா கையை வையுங்கள். ஒன்று மருந்தாக இருக்கலாம். சில வெறும் தண்ணீர். ஒன்றிரண்டைக் குடித்தால் காய்ச்சல் உடனே நின்றுவிடும். மூச்சும் நின்றுவிடும்."

நீட்டிய கையை மந்திரி வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "வைத்தியர்களைக் கேள்!"

"மிளகு இடிக்கிறார்கள்."

"மேற்பார்வையாளர்களைக் கேள்!"

மைத்துனர்கள் முன்னால் வந்தார்கள். பானைகளைப் பார்த்தார்கள். பெருந்தேவியைப் பார்த்தார்கள். "கண்டுபிடித்தாயிற்றா?" என்றார்கள்.

மந்திரிக்குக் காய்ச்சலோடு கோபமும் தலைக்கேறியது. "மடையர்களா! சோதித்துப் பார்க்காமல் எது மருந்து, எது விஷம் என்று எவனுக்கடா தெரியும்?"



வாஞ்சிலிங்கம் பெருந்தேவியைப் பார்த்துக் கைகூப்பினார். "அம்மா, நீங்கள் இத்தனை நாள் சொன்னதைத்தான் மந்திரியாரும் சொல்கிறார். ஒரே ஒரு வித்தியாசம். நீங்கள் சொன்னால் புலம்பல். அவர் சொன்னால் ராஜநீதி."

ராஜா தலை குனிந்தார். அந்த இடத்திலேயே சட்டத்தை ரத்து செய்தார். மைத்துனர்கள் உத்தியோகம் போய் மாமியார் வீட்டுக்குக் கிளம்பினார்கள். சிற்றம்பலம் மிளகு வாசனையோடு சாலைக்குத் திரும்பினான். குமுதவல்லி மட்டும் வரவில்லை. "இங்கே என்னை யாரும் தினமும் கேள்வி கேட்பதில்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

மந்திரியைப் பெருந்தேவியே பக்கத்திலிருந்து கஞ்சி கொடுத்து, நெற்றியில் ஈரத்துணி போட்டுத் தேற்றினார். செக்கடித் தெருவில் எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை.

அடுத்த மழைக்குள் பானை பானையாகக் காய்ச்சிக் கொட்டினார்கள். கடைசியில் ஒரு கஷாயம் காய்ச்சலைத் தணித்தது. ஊரே கொண்டாடியது. மந்திரிக்கு மட்டும் மனசு ஆறவில்லை.

"மகாராஜா, ஜெயித்தது ஒரே ஒரு பானை. கொட்டினது அத்தனையும் கஜானாப் பணம். அந்தத் தோற்ற பானைகளால் என்ன லாபம்? வாஞ்சிலிங்கத்தைச் சொல்லச் சொல்லுங்கள்!"

"அவற்றைக் குடித்துச் சாகாமல் இந்த ஊரில் நடமாடுகிற எல்லோரும் லாபம்தான், மந்திரியாரே" என்றார் வாஞ்சிலிங்கம். "தங்களை மட்டும் லாபத்தில் சேர்ப்பதா, நஷ்டத்தில் சேர்ப்பதா என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்."

ராஜாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி வாஞ்சிலிங்கத்துக்குப் போட்டார். மந்திரியும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.