பன்னிரண்டு கிண்ணம் கஷாயம்

முன்னொரு காலத்திலே மேழி நாட்டை விசயதரன் என்று ஒரு ராஜா ஆண்டான். கெட்டவன் இல்லை. ஆனால் சுயபுத்தி குறைவு. கடைசியாகக் காதில் ஓதினவன் சொன்னதுதான் அவனுக்கு வேதவாக்கு. அப்படிப்பட்டவன் கையில் செங்கோல் இருந்தால் குடிகள் கதி என்ன ஆகும், சொல்லுங்கள்.

அந்த நாட்டில் வைத்தியம் படிக்க ஒரு கல்விச்சாலை இருந்தது. குடிகள் அளக்கிற நெல்லில்தான் அது நடந்தது. படித்து முடித்தவனுக்குப் பட்டயம் கொடுப்பது ராஜா இல்லை, பன்னிரண்டு ஆசிரியர்கள் கூடிய சபை. சபைக்கு ஒரு வழக்கம் உண்டு. மாணவன் தங்கள் கண்ணெதிரே காய்ச்சிய கஷாயத்தை ஆளுக்கொரு கிண்ணம் குடித்த பிறகுதான் பட்டய ஓலையில் கையெழுத்துப் போடுவார்கள். நம்பாத மருந்தை எவன் குடிப்பான்? அதனால்தான் அந்தக் கையெழுத்துக்கு ஊரில் அத்தனை மதிப்பு.

அரண்மனையில் கொண்டல்ராயர் என்று ஒரு பிரதானி. சபைத் தலைவர் பூவணத்தாரை ஜனங்கள் கும்பிடுவதைக் கண்டாலே அவருக்கு வயிறு எரியும். அவருடைய அக்காள் மகன் சிங்காரம் அந்தச் சாலையில் எட்டு வருஷம் படித்தான். படித்தான் என்று நான் சொல்வது ஒரு மரியாதைக்கு. எட்டிக்கொட்டை விஷம், சுத்தி செய்யாமல் மருந்தில் சேர்க்கக் கூடாது. அதுகூட அவன் மண்டையில் ஏறவில்லை. அவன் கஷாயத்தைச் சபை இரண்டு தரம் மோந்து பார்த்துவிட்டுக் கீழே கொட்டியது.

ராயர் நேரே ராஜாவிடம் போனார். "சோறு போடுவது தாங்கள், பட்டயம் கொடுப்பது அவர்களா மகாராஜா? இப்படியே விட்டால் நாளைக்குத் தங்களுக்கு முடி சூட்டலாமா வேண்டாமா என்றும் சபை கூடிப் பேசுவார்கள்."

ராஜாவுக்குச் சுருக்கென்றது. பூவணத்தாரை வரவழைத்தான்.

"என்ன ஓய், என் ராஜ்யத்தில் என் கையெழுத்துக்கு மேலே ஒரு கையெழுத்தா?"

"சாலை தங்களுடையது, மகாராஜா. எத்தனை பேரைச் சேர்க்கலாம், எங்கே கட்டடம் கட்டலாம், தாங்கள் சொல்லுங்கள், கேட்கிறோம். ஒருவனுக்கு வைத்தியம் தெரியுமா என்பதை மட்டும் வைத்தியம் தெரிந்தவன்தான் சொல்ல முடியும்."

அவ்வளவுதான். சபை கலைந்தது, பன்னிரண்டு பேரும் நாடு கடத்தப்பட்டார்கள். அரசவையில் ஒருவர் வாய் திறக்கவில்லை. சிங்காரத்துக்கு ராஜாவே கையெழுத்துப் போட்டுப் பட்டயம் கொடுத்தான்.

அந்தச் சமயம் பார்த்து நெடுங்குளம் என்ற ஊரில் காய்ச்சல் பரவியது. சிங்காரத்தை அனுப்பினார்கள். அவன் கஷாயம் குடித்த பத்தொன்பது பேரும் கை கால் இழுத்துச் செத்தார்கள். "காய்ச்சல் முற்றிவிட்டது, மகாராஜா" என்றார் ராயர். ராஜா நம்பினான். நம்பினதோடு விட்டானா? சிங்காரத்தைக் கல்விச்சாலைக்கே தலைவனாக்கப் போகிறேன் என்று நாள் குறித்தான்.

அன்று மந்திரி அறவாழி ஒரு பெரிய தட்டில் பன்னிரண்டு கிண்ணங்களோடு வந்தார்.

"என்ன மந்திரியாரே, பானகமா?" என்றான் ராஜா.

"நெடுங்குளத்துக்குப் போன அதே கஷாயம், மகாராஜா. சிங்காரமே இன்று காலையில் காய்ச்சிக் கொடுத்தார். சபையின் அதிகாரத்தைத் தாங்கள் எடுத்துக்கொண்டீர்கள், கிண்ணங்களை மறந்துவிட்டீர்கள். அவர்கள் பன்னிரண்டு பேர் பங்கு போட்டுக்கொண்டார்கள். இப்போது எல்லாம் தங்களுக்கே."

ராஜா கிண்ணத்தைப் பார்த்தான், ராயரைப் பார்த்தான். "ராயரே, எனக்குப் பதிலாக நீர் குடியும்."

"இன்றைக்கு ஏகாதசி மகாராஜா. பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக் கூடாது."

"ஏகாதசி நேற்றே போயிற்று. இன்று துவாதசி. விரதம் முடிக்கிற பாரணையை இதிலேயே வைத்துக்கொள்ளலாம்" என்றார் மந்திரி.

ராயர் இரண்டடி பின்வாங்கினார். ராஜா சிங்காரத்தின் பக்கம் திரும்பினான். "நீ காய்ச்சினதுதானே, நீ குடி."

"மாமா, என்னால் முடியாது மாமா" என்று அவன் ராயர் காலைக் கட்டிக்கொண்டான்.

ராஜாவின் முகம் வெளுத்துவிட்டது. "காய்ச்சினவனும் குடிக்க மாட்டான், சிபாரிசு செய்தவனும் குடிக்க மாட்டான். அப்போது நெடுங்குளத்தில் குடித்தவர்கள்?"

"மகாராஜா போட்ட கையெழுத்தை நம்பிக் குடித்தார்கள்" என்றார் மந்திரி.

ராயரின் தலைப்பாகையைக் கழற்றி, மாமனையும் மருமகனையும் நெடுங்குளத்துச் சுடுகாட்டில் விறகு சுமக்க அனுப்பினான் ராஜா. சபை பழையபடி கூட வேண்டும், அதன் தீர்ப்பில் இனி அரசன் தலையிடுவதில்லை என்று உத்தரவு போட்டான். பூவணத்தாரை அழைத்துவரப் பல்லக்கு போயிற்று. பிறகு தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி மந்திரியிடம் நீட்டினான்.

மந்திரி வாங்கவில்லை. "கிண்ணங்களை இனி யார் குடிப்பது என்ற கேள்வி எனக்கு எப்போது தோன்றியது என்று கேளுங்கள், மகாராஜா."

"எப்போது?"

"பூவணத்தாரைத் தாங்கள் விரட்டிய அன்றே. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பதவி போய்விடுமே என்று விழுங்கிவிட்டேன். அன்றைக்கே கேட்டிருந்தால் அந்தப் பத்தொன்பது பேரில் பாதிப் பேராவது பிழைத்திருப்பார்கள்."

ராஜா மாலையைக் கையில் பிடித்தபடியே நின்றான். "உமக்கு நான் என்ன தண்டனை கொடுக்க?"

"எனக்கு மட்டுமா, மகாராஜா?" என்றார் மந்திரி.

நெடுங்குளத்தில் அந்த வருஷம் அறுப்புக்கு ஆள் போதவில்லை. கதை இவ்வளவுதான். எழுந்து போய் வேலையைப் பாருங்கள்.