கோட்டை விடாத செங்கோடன்

வெள்ளரிப்பாளையம் மாவு மில் செங்கோடன் ஓட்டப் பந்தயத்துக்குப் பேர் கொடுத்ததற்கு ஒரே காரணம் அவன் பெண்டாட்டியின் அண்ணன் துரைசாமிதான். போன வருஷம் டவுனில் நடந்த ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்தில் துரைசாமி ஒரு கோப்பை வாங்கிவிட்டான். அன்றிலிருந்து மாமனார் வீட்டில் செங்கோடனுக்குக் காபி கொடுப்பதென்றால் அந்தக் கோப்பைக்கு நேரெதிரே உட்கார வைத்துத்தான் கொடுத்தார்கள். எவ்வளவு சர்க்கரை போட்டாலும் அவனுக்கு இனிக்கவில்லை.

"இந்த வருஷம் அது நம்ம வீட்டுக்கு வரோணும்" என்றாள் மனைவி சரசாத்தாள்.

கூட்டாளிகள் நாச்சிமுத்துவும் அம்மாசையும் துணைக்கு வந்தார்கள். மூவருக்கும் ஊரில் ஒரு நல்ல பேர் உண்டு. சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள். அதனால் ஊரில் யாரும் அவர்களிடம் எதுவும் சொல்வதில்லை.

பேர் பதிந்த இடத்தில் 213 என்று அச்சடித்த காகிதத்தைக் கொடுத்து, "இதை நெஞ்சுல நல்லாக் குத்திக்கிட்டு வந்துருங்க" என்றார்கள். மூவரும் நேராகப் பச்சை குத்துகிறவனிடம் போனார்கள்.

"யோசிச்சுக்கங்க, அழியாது" என்றான் அவன்.

"அடுத்த வருஷம் வேற நம்பர் வந்தா?" என்று கேட்டான் செங்கோடன்.

நாச்சிமுத்து கொஞ்ச நேரம் யோசித்தான். "இதே நம்பரைக் கேட்டு வாங்கிக்கலாம்."

அது நியாயமாகப்பட்டது. செங்கோடன் பல்லைக் கடித்துக்கொண்டான். பச்சை குத்திய ரணம் ஆற நாலு நாள் ஆயிற்று.

பந்தயத்தன்று காலை ரயில்வே கேட் அருகே ரோட்டுக்குக் குறுக்கே சுண்ணாம்புக் கோடு. இருநூற்றுப் பதிமூன்று பேர் வந்து நின்றார்கள். சுடுவதற்குத் துப்பாக்கியோடு நின்ற டிரில் மாஸ்டர், சட்டையில்லாமல் நின்ற செங்கோடனைப் பார்த்து இரக்கப்பட்டு, "தம்பி, எப்படியாவது ஓடு. கோட்டை மட்டும் விட்டுடாதே!" என்றார்.

டுமீல்!

இருநூற்றுப் பன்னிரண்டு பேர் பறந்தார்கள். செங்கோடன் கோட்டின் மேல் இரண்டு கால்களையும் வைத்து அசையாமல் நின்றான்.

"ஓடுடா!" என்று கத்தினான் அம்மாசை.

"எப்படி ஓடுறது? கோட்டை விடக்கூடாதுன்னு மாஸ்டர் சொன்னாரே." செங்கோடனுக்கு அழுகை முட்டியது. தூரத்தில் துரைசாமியின் முதுகு சின்னதாகிக்கொண்டே போனது.

நாச்சிமுத்து தாடையைச் சொறிந்தான். "கோட்டை விடவும் கூடாது. ஓடவும் வேணும். அப்போ கோட்டையும் கூட்டிக்கிட்டுத்தான் போகோணும்."

மிச்சச் சுண்ணாம்பு வாளியில் இருந்தது. நாச்சிமுத்து குனிந்து கோடு போட்டுக்கொண்டே முன்னால் போனான். செங்கோடன் அதன்மேல் அடி பிசகாமல் ஓடினான். வாளி காலியாகும்போதெல்லாம் அம்மாசை வழியில் வெள்ளையடிக்கிற வீடாகப் பார்த்துச் சுண்ணாம்பு கேட்டு வாங்கி வந்தான். ஓரிடத்தில் ரோட்டை அடைத்துக்கொண்டு ஓர் எருமை படுத்திருந்தது. எவ்வளவு சொல்லியும் எழவில்லை. கோடு எருமைமேல் ஏறி இறங்கியது. செங்கோடனும் ஏறி இறங்கினான்.

ஓட்டம் முடிகிற சந்தைத் திடலை அடைந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. கோப்பையைத் தூக்கிக்கொண்டு துரைசாமி எப்போதோ போயிருந்தான். நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த ஆள், "எல்லாம் முடிஞ்சு போச்சு. வந்த வழியே திரும்பிப் போங்கப்பா" என்றான்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பாதிதான் முடிஞ்சிருக்கு போல!" என்றான் அம்மாசை. "திரும்ப அங்கேயே போகோணுமாம்."

இந்தத் தடவை கோடு தயாராக இருந்தது. செங்கோடன் ஓடினான் பாருங்கள், காதில் காற்று ஊளையிட்டது. எருமை மட்டும் தன் பங்குக் கோட்டோடு எழுந்து போயிருந்தது. அந்த இடத்தை அம்மாசை வாளியில் மிச்சமிருந்த சுண்ணாம்பால் இட்டு நிரப்பினான்.

ரயில்வே கேட்டில் ஈ, காக்கை இல்லை.

"இன்னும் ஒருத்தனும் வரல. நீதான்டா முதல்!" என்றான் நாச்சிமுத்து. செங்கோடன் ரோட்டிலேயே உட்கார்ந்து விசும்பி விசும்பி அழுதான். அவன் வாழ்க்கையில் எதிலும் முதலாவதாக வந்ததில்லை.

இரண்டாவது ஆளுக்காகக் காத்திருந்தார்கள். ஒரு மணி நேரம் போனது. இரண்டு மணி நேரம் போனது. செங்கோடனின் சந்தோஷம் மெல்லக் கவலையாக மாறியது. போட்டி வேறு, சொந்தம் வேறு அல்லவா? எழுந்து போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தான். மற்ற இருவரும் பின்னாலேயே போனார்கள்.

"ஏட்டய்யா, இருநூத்திப் பன்னெண்டு பேரைக் காணோமுங்க. அதுல என் மச்சானும் ஒருத்தன்."

ஏட்டு டீ கிளாஸைக் கீழே வைத்தார். "கடைசியா எப்பப் பாத்தீங்க?"

"காலையிலங்க. ரயில்வே கேட்டுகிட்ட. துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் தலைதெறிக்க ஓடினவங்கதான்."

ஏட்டு துள்ளி எழுந்தார். "துப்பாக்கியா? சுட்டது யாருய்யா?"

"நம்ம டிரில் மாஸ்டருங்க" என்றான் செங்கோடன் மரியாதையோடு. "வருஷா வருஷம் அவர்தான் சுடுவாரு."