பலகைத் தளத்தில் சுழன்ற மூடி

வெண்கல மூடி ஒன்று மரப்பலகைமேல் சுழன்று, வேகம் குறைந்து, கடைசியில் படபடவென்று அடித்துக்கொண்டு அடங்கும் ஓசை. எத்தனையோ வருஷம் கழித்தும் அது அபயாம்பாளின் காதை விட்டுப் போகவில்லை. கும்பகோணத்தில், கணவன் சாரங்கனின் பாத்திரக்கடைக்கு மேலே, பலகைத் தளம் போட்ட மச்சில் குடியிருந்த நாட்களின் ஓசை அது. சுழற்றுகிறவள் மகள் கோமளா. சுழற்றிவிட்டுக் கன்னத்தைப் பலகையோடு ஒட்டிப் படுத்துக்கொள்வாள். மூடி அடங்கியதும் எழுந்து மறுபடி சுழற்றுவாள். பக்கத்தில் யார் வந்து உட்கார்ந்தாலும் தள்ளிவிடுவாள்.

கோமளா டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவள். இதயத்திலும் ஒரு ஓட்டை இருந்து, கைக்குழந்தையிலேயே தையல் போட்டார்கள். இந்தக் குழந்தைகள் எல்லோரிடமும் ஒட்டிக்கொள்ளும் என்று டாக்டர் தெய்வநாயகம் சொன்னார். மூன்று வயது வரை அவளும் அப்படித்தான் இருந்தாள். கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் ஜன்னலிலிருந்து டாட்டா காட்டினாள். 'அம்மா', 'பூ' என்று சில சொற்களும் வந்தன. சளி விடாமல் பிடித்த ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு கை இறங்கிப்போனது. சொற்களும் போயின.

இரவில் அவள் உட்கார்ந்தபடியே முன்னால் மடங்கித் தூங்குவாள். அந்தச் சின்ன உடம்பிலிருந்து வரும் குறட்டையைக் கேட்டு, "எங்கப்பா சொத்துல எனக்கு வராத பங்கு இவளுக்கு வந்திருக்கு" என்பான் சாரங்கன். அபயாம்பாளையும் அவன் விடுவதில்லை. "காலைத் தட்டாம உனக்குக் கூப்பிட வராதா? கீழ அடுக்கி வச்ச குடமெல்லாம் ஆடுது."

"கூப்பிட்டா வர்றாளே, அது போதும்" என்பாள் அவள்.

ஏழு வயதில் கோமளாவைச் சிறப்புப் பள்ளியில் சேர்த்தார்கள். சில மாதங்களில் ரெஜினா டீச்சர் அபயாம்பாளைக் கூப்பிட்டனுப்பினாள். "ஒரு இடத்துல உட்கார மாட்டேங்கிறா. ஜன்னல்ல ஏறுறா. திடீர்னு சுவர்ல சாஞ்சு தூங்கிடுறா, எழுந்தா மறுபடி ஓட்டம். இது கவனக் குறைபாடுங்க. மாத்திரை குடுத்தா அடங்கும். குடுக்கலைன்னா திங்கட்கிழமைலேருந்து அனுப்பாதீங்க. மத்த பிள்ளைங்களுக்கும் நான்தானே இருக்கேன்?"

மாத்திரை என்றதும் இதயத்துத் தையல் நினைவுக்கு வர, அபயாம்பாள் டாக்டரிடம் ஓடினாள். அவருடைய அறையின் கருங்கல் தரையில் நின்று மகளைக் கூப்பிட்டாள். கோமளா மின்விசிறியைப் பார்த்தபடியே இருந்தாள்.

"பாருங்க, பிடிவாதம்" என்றார் அவர். "எல்லாம் பிறந்ததுலேருந்து இருக்கிற டவுன் சிண்ட்ரோம்தான். ஒரு பிள்ளைக்கு எத்தனை பேர்தான் வைப்பீங்க? மாத்திரையும் வேண்டாம், பள்ளிக்கூடமும் வேண்டாம். வீட்டோட வச்சுக்கோங்க."

மூன்றாவதாக வந்தவள் நஸீமா. குழந்தைகளின் மனநலம் படித்தவள். பொறுமைசாலி. வீட்டுக்கே வந்து மதியம் முழுக்க மூலையில் உட்கார்ந்து பார்த்தாள். மூடி சுழல்வதைப் பார்த்தாள், கை தள்ளப்படுவதைப் பார்த்தாள். கடைசியில், "பின்னாலிருந்து கூப்பிடுங்க" என்றாள். அபயாம்பாள் எழுந்து நின்று வழக்கம்போலக் கூப்பிட்டாள். கோமளா திரும்பினாள்.

"அப்போ காதுல குறை இல்ல. வெளியில திரும்ப மாட்டேங்கிறான்னா, அவளுக்குத் திரும்பத் தோணல" என்றாள் நஸீமா. "இது ஆட்டிசம். டவுன் இருக்கிற பிள்ளைக்கு இதுவும் சேர்ந்து வரலாம், அதனாலதான் யாரும் தேடல. தஞ்சாவூர்ல இதுக்குன்னே விடுதிப் பள்ளி இருக்கு. ஒரு இடம் காலியா இருக்கு. திங்கட்கிழமைக்குள்ள சொல்லணும்."

"விடுதியா? என் சேலை முனையைப் பிடிச்சாத்தான் அவ தூங்குவா."

நஸீமா பள்ளியின் முகவரியை எழுதி வைத்துவிட்டுப் படியிறங்கினாள்.

ஆக, ஒரு பெயருக்கு மாத்திரை, ஒரு பெயருக்கு வீட்டுச் சுவர், ஒரு பெயருக்குப் பிரிவு. மூவரும் குழந்தைக்குக் கெடுதல் நினைத்தவர்கள் அல்லர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமும் வந்துவிட்டது. கேட்டவர்களே, இந்த மூவரில் யார் சொன்னது சரி? அபயாம்பாள் யார் சொற்படி நடப்பாள்?

விடை இது. அன்று சாயங்காலம் முடிவெடுக்க முடியாமல் அபயாம்பாள் பலகையில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தபடியே மகளைக் கூப்பிட்டாள். கோமளா திரும்பவில்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டாள். திரும்பவில்லை. தன் மடங்கிய காலை அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷமும் குழந்தை திரும்பியது குரலுக்கு இல்லை, பலகையில் வந்த அதிர்வுக்கு. திங்கட்கிழமை யாருக்கும் பதில் சொல்லாமல் காது, மூக்கு, தொண்டை பார்க்கும் மருத்துவரிடம் போனாள். இரண்டு செவிப்பறைக்குப் பின்னாலும் பசைபோலக் கோழை இறுகியிருந்தது. தொண்டைச் சதை வீங்கி, தூக்கத்தில் மூச்சை அடைத்துக்கொண்டிருந்தது. இரண்டையும் சரிசெய்த பிறகு ஓட்டம் நின்றது. அது தூக்கம் கெட்ட பிள்ளையின் தவிப்பு. டீச்சர் பார்த்தது உண்மை, வைத்த பெயர் தப்பு. டாக்டர் சொன்ன பெயர் உண்மைதான். அந்தப் பெயர் கையில் இருந்ததால் அவர் காதுக்குள் பார்க்கவே இல்லை. காது திறந்த பிறகும் மூடி சுழன்றது, பக்கத்தில் வந்த கையை அவள் தள்ளினாள். ஆகவே நஸீமாவின் விடை சரி, அதற்கு அவள் காட்டிய காரணம் தப்பு. அவளே வந்து அதை ஒப்புக்கொண்டாள். விடுதிக்கு அனுப்பாமல், வாரம்தோறும் மச்சுக்கு வந்து சொல்லிக்கொடுத்தாள். மூன்று வயதில் போன சொற்கள் மட்டும் திரும்பவில்லை.

கோமளாவுக்கு இப்போது இருபத்திரண்டு வயது. அவள் பேசுவதில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறாள்.