இடையூர் ராஜா பரிமாறிய சீடை

முன்னொரு காலத்தில் இடையூர் நாட்டை மங்கைபாகர் என்ற ராஜா ஆண்டு வந்தார். நாடு பெரிதுமில்லை, சிறிதுமில்லை. வடக்கே ஒரு சக்கரவர்த்தி, தெற்கே ஒரு சக்கரவர்த்தி, நடுவில் இவர். கடல்வழி யாருக்கென்று அந்த இருவருக்கும் தகராறு. போர் மூண்டால் படைகள் மோதப்போவது இடையூர் வயல்களில்தான்.

அதனால் ராஜா எல்லா மன்னர்களையும் மாநாட்டுக்கு அழைத்தார். வந்தவர்கள் காலை முழுக்கக் கத்தித் தீர்த்தார்கள். கடைசியில் வடக்குச் சக்கரவர்த்தி, "இது இடையூர் இல்லை, இடையூறு" என்று நக்கலடித்துவிட்டு, சாப்பிட்டதும் கிளம்புவதாகச் சொன்னார். தெற்கத்தியவரும் தேரைப் பூட்டச் சொல்லிவிட்டார்.

அமைச்சர் நயினார் ராஜாவைத் தேடி ஓடினார். ராஜாவோ, இரண்டு சக்கரவர்த்திகளுக்கும் நடுவில் தமக்கு இலை போடச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நீங்கள் உட்காரக் கூடாது மகாராஜா, பரிமாற வேண்டும்" என்றார் நயினார்.

சேனாதிபதி வீரசிங்கருக்கு நயினாரைக் கண்டாலே ஆகாது. "ராஜா ரசவாளி தூக்குவதா? மானம் கப்பலேறிவிடும்" என்று குதித்தார்.

"உட்கார்ந்தால் மூன்றாவது இலை. வாளியைப் பிடித்தால் பந்தியே உங்கள் கையில்" என்றார் நயினார் ராஜாவிடம்.

ராஜாவுக்கு அது பிடித்துப்போயிற்று. பட்டு அங்கவஸ்திரத்தை இடுப்பில் வரிந்து கட்டிக்கொண்டார்.

பந்தியில் ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மற்றவர் எழுந்தால் அவமரியாதை. கடைசி இலையில் தீவு மன்னர் வெண்காடர். வாயில் ஒரு பல்கூடக் கிடையாது. கடல்வழி அடைபட்டால் முதலில் பட்டினி கிடப்பது அவர் தீவுதான். நயினார் அவர் காதில் முன்பே ஏதோ ஓதியிருந்தார். ராஜா அவர் இலையில் ஒரு கை சீடையை அள்ளி வைத்தார்.

வெண்காடர் ஒன்றை வாயில் போட்டு உருட்டினார், உருட்டினார், உருட்டிக்கொண்டே இருந்தார்.

சக்கரவர்த்திகளின் கை காய்ந்தது. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து எவ்வளவு நேரம்தான் முறைப்பது? பாயசத்தைப் பற்றிப் பேசினார்கள், குதிரைகளைப் பற்றிப் பேசினார்கள், மெல்லக் கடலுக்கு வந்தார்கள். குரல் உயரும்போதெல்லாம் ராஜா, "இன்னும் கொஞ்சம்" என்று வெண்காடர் இலையில் சீடையைக் கொட்டினார்.

பொழுது சாய்வதற்குள், கடல்வழி எல்லோருக்கும் பொது என்று இருவரும் கையடித்துக்கொண்டார்கள். தகராறு வந்தால் இடையூரில் கூடிப் பேசுவதென்றும் முடிவாயிற்று. அந்த நிமிஷமே வெண்காடர் சீடையை விழுங்கிவிட்டார்!

பூரித்துப்போன ராஜா தம் முத்துமாலையை நயினாருக்குப் போட்டார். அடுத்த மாநாட்டுக்கு ரசவாளி வீரசிங்கருக்கு என்றும் உத்தரவிட்டார்.

வடக்குச் சக்கரவர்த்தி மரத்துப்போன காலைத் தடவிக்கொண்டே எழுந்தார். "நான் காலையில் சொன்னது சரிதான் அமைச்சரே, இது இடையூறேதான்."

"எழுந்து போக நினைப்பவர்களுக்கு மட்டும், பிரபு" என்றார் நயினார்.