கால் முளைத்த கண்டல் காய்

அந்தக் காலத்தில் மரம் பேசும், மீன் பேசும், காற்றுகூடக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே வரும். ஆறு கடலோடு கலக்கிற சேற்றுக்கரையில் கண்டல் என்றொரு மரம் தனியாக நின்றது. ஒரு நாளைக்கு இரண்டு தடவை கடல் ஓதம் ஏறி, உப்புத் தண்ணீர் அவள் இடுப்புவரை நிற்கும். பிறகு வடிந்துவிடும்.

மரங்களுக்குள் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. காய் முற்றியதும் காற்று வந்து கிளையைத் தொட்டு, "பிள்ளையைக் கொடு" என்று கேட்கும். கேட்டதும் கொடுத்துவிட வேண்டும். கண்டலும் வருடாவருடம் கொடுத்தாள். ஆனால் அவள் பக்கத்தில் ஒரு கன்றுகூட எழும்பவில்லை.

அந்த வருடம் பூத்த பூவில் ஒரே ஒரு காய்தான் தங்கியது. அது முற்றுகிற சமயம், தன் வேரடியில் வளை தோண்டிக் குடியிருந்த, சேற்றிலும் துள்ளித் திரிகிற உளுவை மீனைக் கூப்பிட்டாள்.

"தம்பி, நீ கீழேயே கிடக்கிறவன். என் பிள்ளைகளெல்லாம் எங்கே போனார்கள்? மறைக்காமல் சொல்."

உளுவை முட்டைக்கண்ணை ஒருமுறை உள்ளே இழுத்துக்கொண்டது. "வேர் விடப் பத்து நாளாவது வேண்டும் அக்கா. ஓதம் அரை நாள்கூடப் பொறுக்காது. போன வருடம் ஒன்று என் வளை வாசலில் ஒதுங்கியது. வாலால் அணைத்துப் பிடித்துப் பார்த்தேன். என் உடம்பு இவ்வளவுதானே? தண்ணீர் இழுத்துக்கொண்டு போய்விட்டது."

மறுநாள் காற்று வந்தது. "பிள்ளையைக் கொடு."

"தர மாட்டேன்" என்றாள் கண்டல்.

அதுவரை எந்த மரமும் அப்படிச் சொன்னதில்லை. காற்று திகைத்துப் போய், "எப்போதுதான் தருவாய்?" என்றது.

"இவனுக்குக் கால் முளைக்கட்டும்."

மேட்டில் நின்ற தில்லை மரத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "கல்யாண வயதுப் பிள்ளையை யாராவது இடுப்பில் வைத்திருப்பாளாடி?"

"உன் பிள்ளைக்கு மேடு வாய்த்தது அக்கா. என் பிள்ளைக்குச் சேறுதான்" என்றாள் கண்டல்.

வேரிலேயே உப்பை வடித்து நிறுத்தி, நல்ல தண்ணீரை மட்டும் மேலே ஏற்றிப் பிள்ளைக்கு ஊட்டினாள். காய் கிளையிலேயே முளைவிட்டது. மாதங்கள் போகப் போக முருங்கைக்காய் போலப் பச்சையாய் நீண்டு, அடியில் கூர்மையாகிக் கனத்தது. கிளை வளைந்துவிட்டது.

"அம்மா, கை வலிக்கிறதா?"

"இல்லையே."

"பொய். கிளை எப்படித் தொங்குகிறது பார். எனக்குத்தான் கால் வந்துவிட்டதே, விடு."

அன்று ஓதம் வடிந்து வெயில் அடித்தது. உளுவை மேலே பார்த்து, "அக்கா, சேறு வெண்ணெய் மாதிரி இருக்கிறது. இப்போது விட்டால் குத்தி நிற்பான்" என்றது.

கண்டலுக்கு மனம் வரவில்லை. கிளையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். தூரத்தில் தண்ணீர் திரும்புகிற சத்தம் கேட்டது.

"அக்கா! ஓதம் வருகிறது. தண்ணீர் ஏறிய பிறகு விழுந்தால் மிதந்துதான் போவான்!"

"அம்மா, நான் உன் காலடியில்தானே நிற்கப்போகிறேன்" என்றான் பிள்ளை.

காற்று ஓரமாக நின்றுகொண்டிருந்தது. இந்த முறை அது கேட்கவில்லை. கண்டல் தானாகவே கையைத் தளர்த்தினாள்.

ஈட்டி போல இறங்கியவன் 'புதக்' என்று சேற்றில் குத்தி நின்றான். சற்று நேரத்தில் தண்ணீர் வந்து அவன் இடுப்பை மூடியது, கழுத்தை மூடியது, தலையையும் மூடியது. கண்டல் ஓர் இலையையும் அசைக்கவில்லை. உளுவை அவள் வேரில் ஏறி உட்கார்ந்து தண்ணீரையே பார்த்தது.

தண்ணீர் வடிந்தது. பிள்ளை உடம்பெல்லாம் சேறாக, நட்ட இடத்திலேயே நின்றான்.

"நிற்கிறான் அக்கா!" என்று உளுவை துள்ளியது. மேட்டிலிருந்து தில்லை எட்டிப் பார்த்தாள்.

கண்டல் தன் காயைக் கிளையிலேயே முளைக்க வைத்து, கால் முளைத்த பிறகே கீழே விடுவது அன்று தொடங்கிய வழக்கம்தான். இன்றைக்கும் ஓதம் ஏறும்போது உளுவை கண்டல் வேரில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. பிள்ளை நிற்கிறானா என்று பார்த்துச் சொல்ல வேண்டாமா?