இயக்குநர் கையெழுத்திட்ட அறிவிப்பு

கோவையில் ஒரு பல்கலைக்கழகம் ஐஸ் தளம் ஒன்றை வாடகைக்கு எடுத்து ஐஸ் ஹாக்கி ஆரம்பித்தது. பெண்கள் அணியில் ஆறே பேர். அவர்களுடைய ஸ்கேட்டுகளின் அடியில் உள்ள சறுக்குத் தகடுகளுக்குச் சாணை பிடித்துக் கொடுப்பவள் கடைநிலை ஊழியர் பூவாத்தாள்.

ஒரு திங்கட்கிழமை உடற்கல்வி இயக்குநர் தண்டபாணி வந்தார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள இருபது பேர் சேரணும். இல்லைன்னா உங்க நேரத்தையும் ஆண்கள் அணிக்கே கொடுத்துடுவேன். ஆனா சேர மாட்டாங்க. ஐஸ்ல விழுந்து எழுந்து ஆடுற தைரியம் பொம்பளைப் பிள்ளைகளுக்குக் கிடையாது."

ஆறு பெண்களும் வாடிப்போனார்கள். பூவாத்தாள் மட்டும் கேட்டாள்: "ஐயா, இப்பச் சொன்ன அந்தக் கடைசி வார்த்தையை எழுதிக் குடுங்க. விடுதியில ஒட்டிட்டா, யாரும் வந்து உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டாங்க."

இயக்குநருக்கு அந்த மரியாதை பிடித்துப்போனது. கையெழுத்திட்டு முத்திரையும் குத்திக் கொடுத்தார். பூவாத்தாள் அதைப் பெண்கள் விடுதிச் சாப்பாட்டுக்கூட வாசலில் ஒட்டி, கீழே ஒரு வரி சேர்த்தாள்: "பயிற்சி வெள்ளி காலை ஆறு மணிக்கு."

வெள்ளிக்கிழமை அறுபத்து மூன்று பேர் வந்து நின்றார்கள். கபடி ஆடுகிறவர்களும் வந்தார்கள், வேதியியல் படிக்கிறவர்களும் வந்தார்கள். விழுந்தார்கள், சிரித்தார்கள், மறுபடி எழுந்து ஓடினார்கள். ஸ்கேட்டுகள் போதாமல் வரிசை வாசலைத் தாண்டியது. விஷயம் கேள்விப்பட்டுத் துணைவேந்தரே வந்துவிட்டார், பின்னாலேயே இயக்குநரும்.

"இத்தனை பேரை யார் வரவழைச்சது?" என்றார் துணைவேந்தர்.

பூவாத்தாள் அறிவிப்பை நீட்டினாள். "நம்ம இயக்குநர் ஐயாதானுங்க. கையெழுத்துக்கூட இருக்குதுங்க."

துணைவேந்தர் படித்துவிட்டு இயக்குநரிடம் பேனாவை நீட்டினார். "அப்ப இன்னும் ரெண்டு பெண்கள் அணிக்கும் நீங்களே கையெழுத்துப் போட்டுடுங்க."